மலைநாட்டுல இருந்து விலை கொறஞ்ச ப்ராசசர ஓவர்கிளாக் பண்றவங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைன்னு நம்ம பக்கத்து பசங்க பிசி அசெம்பிள் பண்றப்பவும் பழசு வாங்குறப்பவும் என்கிட்ட கேட்கிற கேள்விங்க முக்கால்வாசி ஒண்ணு போலத்தான் இருக்கு, அதனால எல்லாத்துக்கும் இங்கயே பதில் எழுதி வச்சிடுறேன். என் நிலைப்பாட்ட முதல்லயே சொல்லிடுறேன். விலை கொறஞ்ச சிப்ல ஓவர்கிளாக் பண்ணா வேகம் கூடுறது உண்மை, ஆனா கூடுறது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்த வோல்டேஜ் ஏத்தாம எடுக்க முடிஞ்சா எடுங்க, ஏத்தித்தான் எடுக்கணும்னா ரெண்டு தடவ யோசிங்க. நம்ம வீடுகள்ல அந்த ஒரு பிசிலதான் அண்ணன் கேம் விளையாடுறான், தங்கச்சி ஏஎல் ஐசிடி ப்ராஜெக்ட் செய்யுது.

ஓவர்கிளாக்னா உள்ளுக்கு என்னதான் நடக்குது?

ப்ராசசரோட வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், மல்ட்டிப்ளையர் 35, பெருக்கினா 3.5 கிகாஹெர்ட்ஸ். இந்த ரெண்டுல ஒண்ண கூட்டுறதுதான் ஓவர்கிளாக். கம்பனிக்காரன் ஒரு மாடலுக்கு 3.5ன்னு போடுறான்னா அந்த மாடல்ல வர்ற மோசமான சிப்பும், சூடான ரூம்ல, சாதா கூலரோட, அந்த வேகத்துல பிழையில்லாம ஓடணும்னு கணக்குப் பண்ணித்தான் போடுறான். உங்க கையில இருக்கிறது அதவிட நல்ல சிப்பா இருந்தா மேல கொஞ்சம் இடம் மிஞ்சும். அது எவ்வளவுன்னு பெட்டிய பாத்து சொல்ல ஏலாது, ஒரே மாடல் ரெண்டு சிப் ரெண்டு விதமாத்தான் ஓடும்.

என்கிட்ட இருக்கிற பிசில பண்ண ஏலுமா?

நம்ம பக்கம் வீட்டுக்கு வர்ற முதல் பிசி பெரும்பாலும் வெளிநாட்டு ஆபீஸ்கள்ல பாவிச்சு கழிச்ச டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி, லெனோவா மெஷின்தான், உள்ளுக்கு ஐ3 இல்லாட்டி ஐ5, மூணாவது நாலாவது ஜெனரேஷன். அதுல ஏலாது. சிப்பே லாக் (மல்ட்டிப்ளையர மாத்த விடாம கம்பனியே பூட்டினது), பயோஸ்லயும் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்ட் செட்டிங்) மல்ட்டிப்ளையர் மாத்துற இடமே இல்ல. பேஸ் கிளாக்க தூக்கலாமேன்னு கேட்பீங்க, 2011ல வந்த சாண்டி பிரிட்ஜ்ல இருந்து இன்டெல் பேஸ் கிளாக்கோட பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாத்தையும் கட்டிப் போட்டுட்டான், 103, 105 தாண்டினா ஹார்ட் டிஸ்க்கும் யூஎஸ்பியும் தகராறு பண்ண ஆரம்பிச்சிரும், அந்த ஆபீஸ் மெஷின்ல அதுக்கும் வழி கெடையாது.

இன்டெல்ல சட்டம் நேரானது. பேர் கடைசில கே இருக்கிற சிப், அதோட இசட் வரிசை போர்ட் (மதர்போர்ட்), ரெண்டும் வேணும். விலை கொறஞ்ச வரிசையில இன்டெல் கதவ தொறந்து விட்டது ரொம்ப கொறைவு. 2014ல பென்டியம் பேருக்கு 20 வருஷம் ஆனதுக்காக விட்ட ஜி3258 ஒண்ணு, 2017ல வந்த ஐ3-7350கே இன்னொண்ணு. ஜி3258ஐ எச்81 மாதிரி மலிவு போர்ட்லயும் சில கம்பனிங்க பயோஸ் அப்டேட் குடுத்து ஓட விட்டாங்க, இன்னிக்கும் யூஸ்ட் மார்க்கெட்ல அந்த ஜோடி தட்டுப்படுது.

ஏஎம்டில நெலம நல்லாருக்கு. ரைசன்ல 5800எக்ஸ்3டி மாதிரி சிலத தவிர டெஸ்க்டாப் சிப் எல்லாம் அன்லாக். போர்ட் மட்டும் பாருங்க. பி350, பி450, பி550 ஓகே, எக்ஸ் வரிசை எல்லாம் ஓகே. ஏ320, ஏ520ல ப்ராசசர் ஓவர்கிளாக் கெடையாது, ரேம் மட்டும்தான் ஏத்தலாம். அத்லான்ல 2018ல வந்த 200ஜிஇ லாக், 2019 நவம்பர்ல வந்த 3000ஜி அன்லாக். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், கடையில பேர வாசிச்சு வாங்குங்க.

அந்தக் காலத்துல செலரான 300ல இருந்து 450க்கு ஏத்தினாங்களாமே, இப்ப ஏன் அப்படி முடியல?

உண்மைதான். 1998ல வந்த செலரான் 300ஏ. மல்ட்டிப்ளையர் 4.5ல லாக், ஆனா பஸ் 66 மெகாஹெர்ட்ஸ், அத 100க்கு மாத்தினா நேரா 450. அரைவாசி வேகம் கூட கெடச்சிச்சு, அதுவும் 128 கிலோபைட் எல்2 கேஷ் (ப்ராசசருக்குன்னே இருக்கிற சின்ன வேக மெமரி) சிப்லயே, ப்ராசசர் வேகத்துலயே ஓடினதால விலை கூடின பென்டியம் டூக்கு பக்கத்துல போய் நின்னுச்சு. அதுக்கப்புறம் கோர் 2 காலத்துலயும் அப்படித்தான், 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் இ2160ஐ 3க்கு கொண்டு போனவங்க நிறைய.

அன்னிக்கு கம்பனிங்க நல்லா ஓடுற சிப்பயே மலிவு மாடலா ஸ்டிக்கர் மாத்தி வித்துச்சு, மேல இடம் நிறைய இருந்துச்சு. இன்னிக்கு சிப் தானாவே சூட்டையும் கரண்டையும் பாத்து பாத்து பூஸ்ட் பண்ணி (வேகத்த கூட்டி) அந்த இடத்த முக்கால்வாசி தின்னுருது. ரைசன்ல எல்லா கோரையும் ஒரே வேகத்துல பூட்டி வச்சீங்கன்னா சில நேரம் ஒரு கோர் மட்டும் வேல செய்யறப்ப கெடைக்கிற பூஸ்ட் வேகத்தவிட கொறஞ்சு போயிரும், கேம் மெதுவாகும், நீங்க ஓவர்கிளாக் பண்ணிட்டேன்னு சந்தோஷமா இருப்பீங்க. அதனால ரைசன் 5000 வரிசை வச்சிருக்கிறவங்க கையால மல்ட்டிப்ளையர் போடுறத விட்டுட்டு பயோஸ்ல பிபிஓவும் (பூஸ்ட்டுக்கு இருக்கிற பவர் எல்லைய தளர்த்துறது) கர்வ் ஆப்டிமைசரும் (கோருக்கு போற வோல்டேஜ கொறைக்கிறது) பாருங்க. அத்லான் 3000ஜிக்கு பூஸ்ட்டே கெடையாது, எப்பவும் 3.5தான், அதுல ஏத்துறது அத்தனையும் லாபம்.

எங்க ஊர் குளிருக்கு எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம்தானே?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது, பாதி சரி. நுவரெலியாவோட வருஷ சராசரி வெப்பம் 16 டிகிரி கிட்ட, கொழும்புல 27, 28. அந்த வித்தியாசம் அப்படியே ப்ராசசர் டெம்பரேச்சர்லயும் தெரியணும், ஆனா முழுசா தெரியாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கொழும்போட பாத்தா காத்தோட அடர்த்தி ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு கொறைவு. ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் தள்ளுற காத்துல கனம் இல்ல, அதனால குளிர் குடுத்ததுல கொஞ்சத்த மெலிஞ்ச காத்து திருப்பி வாங்கிக்கிது. அப்படியும் கொழும்புக்காரன விட நமக்கு நல்லம்தான், அத மறுக்கல.

ஆனா சூடு கொறைவா இருக்குன்னு வோல்டேஜ ஏத்தினா சிப்புக்கு அந்த வோல்டேஜால வர்ற தேய்மானம் இருக்கத்தான் செய்யும். குளிர் ஊர்ல இருக்கிறவங்க முதல்ல முட்டி நிக்கிறது டெம்பரேச்சர்ல இல்ல, வோல்டேஜ் எல்லையில. இதத்தான் பசங்க கவனிக்கிறதில்ல.

ஈரம் பத்தியும் கேட்கிறாங்க. ஏர் கூலர் போட்ட ப்ராசசர் ரூம் டெம்பரேச்சருக்கு கீழ போகவே ஏலாது, அதனால ஓடிட்டு இருக்கிற பிசில ப்ராசசர் மேல தண்ணி கோர்க்காது. ராத்திரி முழுக்க ஆஃப் பண்ணி ஜில்லுன்னு கெடக்கிற கேசுல காலைல கதவ தொறந்து மூட்டத்த உள்ள விடுறப்ப, இல்லாட்டி பக்கத்துல தண்ணி கொதிக்கிறப்ப, அப்பதான் தகரத்துல ஈரம் படியும். ரூம் கொஞ்சம் காஞ்சதுக்கப்புறம் ஆன் பண்ணுங்க, சுவரோட ஒட்டி, தரையில வைக்காதீங்க.

ஈரத்த விட நான் பயப்படுறது புகைக்கு. லயத்து வீடுகள்ல விறகு அடுப்பு எரியற பக்கத்து ரூம்ல பிசி இருந்தா ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவுல கறுப்பா, எண்ணப்பசையோட ஒரு படலம் பிடிச்சிருக்கும், தூசு அதுல ஒட்டி கம்பளி மாதிரி அடைச்சிரும், ஊதினா போகாது, கூலர கழட்டி பிரஷ் வச்சு தேச்சாத்தான் போகும். பொகவந்தலாவை பக்கமிருந்து வந்த ஒரு மெஷின ஓவர்கிளாக் பண்ணிக் குடுங்கன்னு கேட்டாங்க. தொறந்து பாத்தா ஸ்டாக் வேகத்துலயே (கம்பனி போட்ட வேகத்துலயே) சூட்டுல தன்ன தானே கொறச்சு ஓடிட்டு இருந்துச்சு. சுத்தம் பண்ணி புது பேஸ்ட் (ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவுல பூசுறது) போட்டதுல அந்தப் பையன் கேட்ட வேகம் வந்திருச்சு, மல்ட்டிப்ளையர தொடவே இல்ல.

10 வீதம் வேகம் கூட்டினா 10 வீதம் சூடுதானே கூடும்?

வோல்டேஜ தொடாம கூட்டினா ஏறக்குறைய அப்படித்தான். வோல்டேஜும் ஏத்தினா கணக்கு மாறுது. சிப் இழுக்கிற பவர் வேகத்தோட நேரா கூடும், வோல்டேஜோட வர்க்கமா கூடும். 1.2 வோல்ட்ல ஓடுற சிப்ப 1.35க்கு ஏத்தி, வேகத்த 10 வீதம் கூட்டினீங்கன்னு வைங்க. 1.35ஐ 1.2ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 1.27, அதோட 1.1 பெருக்கினா 1.39. பத்து வீத வேகத்துக்கு முப்பத்தொன்பது வீத சூடு. அதுக்கு மேல இன்னொரு 5 வீதம் வேணும்னா வோல்டேஜ் இன்னும் செங்குத்தா ஏறும், அந்த இடத்துலதான் நிறுத்தணும்.

சரி, எப்படி செய்யறதுன்னு ஒரு உதாரணம் சொல்லுங்க

பி450 போர்ட், அத்லான் 3000ஜின்னு வச்சிக்குவோம், நம்ம பக்கம் நிறைய பேர்கிட்ட இருக்கிற ஜோடி.

எதையும் மாத்த முதல் ஸ்டாக்ல என்ன இருக்குன்னு பாருங்க. எச்டபிள்யூஇன்ஃபோ போட்டு டெம்பரேச்சரும் வோல்டேஜும் குறிச்சு வைங்க, சினிபெஞ்ச் (வேகத்த அளக்கிற ப்ரோக்ராம்) ஒருக்கா ஓட்டி ஸ்கோர் எழுதி வைங்க. இது இல்லாம பண்ணீங்கன்னா அப்புறம் கூடிச்சா கொறஞ்சிச்சான்னே தெரியாது. பிறகு பயோஸுக்கு போய் சிபியூ ரேஷியோ 35 இருக்கிறத 36 ஆக்குங்க, வோல்டேஜ தொடாதீங்க, சேவ் பண்ணி விண்டோஸுக்கு வந்து பத்து பதினஞ்சு நிமிஷம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (ப்ராசசருக்கு முழு வேல குடுத்துப் பாக்கிறது) ஓட்டுங்க. ஓடிச்சுன்னா 37. இப்படியே ஒவ்வொண்ணா போங்க, எங்க ஹேங் ஆகுதோ, ப்ளூ ஸ்க்ரீன் வருதோ, அங்க இருந்து ஒரு படி கீழ எறங்குங்க. அதுதான் வோல்டேஜ் ஏத்தாம கெடைக்கிற வேகம், நிறைய பேருக்கு நான் அதோட விட்டுடச் சொல்லுவேன்.

இன்னும் வேணும்னா வோல்டேஜ ஆட்டோல விடாம கையால போடுங்க, ஏன்னா ஆட்டோல விட்டா சில போர்ட் தேவைக்கு மேல அள்ளிக் குடுத்துரும். 1.3ல ஆரம்பிங்க, 1.35ல நிறுத்துங்க, தினசரி பாவிக்கிற பிசிக்கு 1.4 வேணாம். இந்த சிப் பெரும்பாலும் 3.9, 4.0 கிட்ட நின்னுரும். 3.5ல இருந்து 3.9ன்னா 11 வீதம். ஏஎம்டி இதுக்கு வச்சிருக்கிற எல்லை 95 டிகிரி, ஆனா ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல 80ஐ தாண்டாம வச்சிக்கணும்னு சொல்லுவேன், ஏன்னா ஏப்ரல் மாச பகல்ல டெஸ்ட் பண்ற நெலம வேற, டிசம்பர் ராத்திரில வேற.

எவ்வளவு நேரம் டெஸ்ட் பண்ணா காணும்?

பத்து நிமிஷம் ஓடிச்சு அப்ப சரின்னு விட்டுறாதீங்க. படிகள ஏத்துறப்ப பத்து நிமிஷம் காணும், கடைசியா நிக்கிற இடத்துல பிரைம்95 இல்லாட்டி ஓசிசிடி (ரெண்டும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ப்ரோக்ராம்) ஒண்ணு ரெண்டு மணித்தியாலமாவது ஓடணும், பிரைம்95 கணக்குல பிழை வந்தா அதுவே காட்டிக் குடுக்கும். பிறகு விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல டபிள்யூஎச்இஏ பிழை (ஹார்ட்வேர்ல வந்த பிழை) விழுந்திருக்கான்னு பாருங்க. பிசி ஹேங் ஆகாமலே உள்ளுக்கு பிழை ஓடிட்டு இருக்கலாம், அதுதான் ஆபத்தானது.

ரேம் ஏத்துறது லாபமா?

தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாதவங்களுக்கு ப்ராசசர் ஓவர்கிளாக்க விட இதுதான் பெரிய லாபம், நான் அடிச்சு சொல்லுவேன். 3000ஜில வேகா 3, 2200ஜி, 3200ஜில வேகா 8, சிப்புக்குள்ளயே இருக்கிற இந்த கிராபிக்ஸுங்களுக்கு சொந்த மெமரி கெடையாது, சாதா ரேம்லதான் பொழப்பு. ஒரே ஒரு டிடிஆர்4 2400 குச்சின்னா செக்கனுக்கு 19.2 கிகாபைட் பேண்ட்வித். 3200 குச்சி ரெண்டு போட்டு டூவல் சேனல்ல ஓட்டினா 51.2. ரெண்டரை மடங்குக்கு மேல. எந்த மல்ட்டிப்ளையரும் இந்த அளவுக்கு தூக்காது. (3000ஜிக்கு ஏஎம்டி எழுத்துல குடுத்தது 2666தான், அதுக்கு மேல ஓடுறது உங்க சிப்பையும் போர்டையும் பொறுத்தது.)

நிறைய பேர் 3200ன்னு எழுதின ரேம் வாங்கி மாட்டிட்டு அது 2133லயோ 2400லயோ ஓடுறது தெரியாமயே வருஷக்கணக்கா இருக்காங்க. பயோஸ்ல எக்ஸ்எம்பி (ரேம்ல எழுதின வேகத்துல ஓட விடுற செட்டிங்) ஆன் பண்ணணும், டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போனா எந்த வேகத்துல ஓடுதுன்னு காட்டும், இப்பவே பாருங்க.

ரேம்ல பிழை இருந்தா ஃபைல் கெட்டுப்போகும், சத்தமில்லாம. இன்னிக்கு சேவ் பண்ண ப்ராஜெக்ட் ஃபைல் நாளைக்கு தொறக்காது. அதனால மெம்டெஸ்ட்86 பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டு ஒரு பிழையும் இல்லன்னா மட்டும் வச்சிக்குங்க.

மலிவு போர்ட், மலிவு பவர் சப்ளை, பரவால்லயா?

போர்ட்ல ப்ராசசருக்கு பக்கத்துல விஆர்எம்னு ஒரு பகுதி, 12 வோல்ட்ட ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கிக் குடுக்கிறது. அதுக்கு மேல ஹீட்சிங்க் இல்லாத போர்ட்ல ஆறு கோர், எட்டு கோர் சிப்ப ஏத்தாதீங்க, ப்ராசசர் 70 டிகிரின்னு காட்டும், விஆர்எம் 100ஐ தாண்டி கொதிச்சிட்டு இருக்கும். 35 வாட் அத்லானுக்கு பிரச்சினையில்ல. பவர் சப்ளை கேசோட இலவசமா வந்ததுன்னா ஓவர்கிளாக்க மறந்துருங்க. முதல்ல அத மாத்துங்க.

கரண்ட் போய் போய் வர்ற இடம் எங்களுது, பாதிப்பு இருக்கா?

ஓவர்கிளாக்குக்கு நேரா பாதிப்பு கொறைவு. ஆனா பயோஸ் அப்டேட் ஓடிட்டு இருக்கிறப்ப கரண்ட் போனா போர்ட் செத்துரும், அதனால யூபிஎஸ் இல்லாம அப்டேட்டுக்கு போகாதீங்க, கூட்டாளிகிட்ட ஒரு நாளைக்கு இரவல் வாங்கியாவது போடுங்க. ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரத்துல இடி மின்னல் கூட, அந்த நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் வச்சிட்டு வெளிய போகாதீங்க. ப்ளக்கையும், ரவுட்டர்ல இருந்து வர்ற வயரையும் சேத்து கழட்டுங்க, மின்னல் அந்த வயர்லயும் வரும்.

செட்டிங் மாத்தினேன், இப்ப ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல. செத்துருச்சா?

இல்ல, பயப்படாதீங்க. ரெண்டு மூணு தடவ ஆன் ஆஃப் பண்ணா நிறைய போர்ட் தானாவே பழைய செட்டிங்குக்கு வந்துரும். வரலன்னா ப்ளக்க கழட்டி, போர்ட்ல இருக்கிற சிஆர்2032 பேட்டரிய எடுத்துட்டு, பவர் பட்டன கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சிட்டு, அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. தேதி நேரத்தயும், எக்ஸ்எம்பி மாதிரி நீங்க மாத்தின பயோஸ் செட்டிங்கையும் திரும்ப வைக்க வேண்டி வரும்.

சிப்போட ஆயுசு கொறையுமா?

வோல்டேஜ் ஏத்தாம வேகத்த மட்டும் கூட்டினா கவலப்பட ஒண்ணுமில்ல. வோல்டேஜ் வேற விஷயம். 2024ல இன்டெல்லோட 13, 14வது ஜெனரேஷன் டெஸ்க்டாப் சிப்புங்க க்ராஷ் ஆகிட்டே இருந்துச்சு, ஓவர்கிளாக் பண்ணாதவங்களுக்கும். தேவைக்கு மேல வோல்டேஜ் போனதுல சிப் தேஞ்சதுன்னு இன்டெல்லே ஒத்துக்கிட்டு, ஆகஸ்ட்ல மைக்ரோகோட் (பயோஸ் வழியா ப்ராசசருக்கு போற திருத்தம்) விட்டு, வாரண்டியயும் ரெண்டு வருஷம் நீட்டினான். ஏற்கனவே தேஞ்ச சிப்ப அந்த அப்டேட் திருத்தல. தேய்மானம் ஒரே நாள்ல தெரியாது, முந்தி 4.0ல நல்லா ஓடின சிப் ஒரு வருஷம் கழிச்சு அதே வோல்டேஜ்ல ஹேங் ஆகும், அப்ப வேகத்த எறக்கணும், திரும்ப வோல்டேஜ் ஏத்தக் கூடாது.

கேம்ல எவ்வளவு எஃப்பிஎஸ் (செக்கனுக்கு வர்ற படங்க) கூடும்?

ப்ராசசர்தான் தடையா இருக்குன்னா கூடும், கிராபிக்ஸ்தான் தடைன்னா ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு, ஓவர்கிளாக் புது கோர் குடுக்காது. ஜி3258ஐ 4.5க்கு ஏத்தி வச்சிருந்தவங்ககிட்டயும் 2014 கடைசில வந்த சில கேம் தொறக்கவே இல்ல, ஏன்னா அதுல இருக்கிறது ரெண்டு கோர், ரெண்டு த்ரெட், கேம் நாலு கேட்டுச்சு.

லேப்டாப்ல?

வேணாம். தூசு தட்டி, பேஸ்ட் மாத்தி, அடியில காத்து போற மாதிரி தூக்கி வைங்க, அதுவே பெருசு.

கரண்ட் பில் கூடுமா?

30 வாட் கூட இழுக்குது, ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம்னா மாசம் 5.4 யூனிட். சின்னதுதான், ஆனா 58, 59 யூனிட்ல நிக்கிற வீடுன்னா அந்த அஞ்சு யூனிட் 60ஐ தாண்ட வச்சிரும், தாண்டினா முதல் 60 யூனிட்டுக்கும் சேத்து வேற கணக்கு. பில்ல எடுத்துப் பாத்துட்டு முடிவெடுங்க.

கையில கொஞ்சம் காசு இருக்கு. பெரிய கூலர் வாங்கி ஏத்தவா?

எஸ்எஸ்டி இல்லன்னா முதல்ல எஸ்எஸ்டி. ரேம் ஒரு குச்சிதான் இருக்குன்னா ரெண்டாவது குச்சி. இது ரெண்டும் இருக்குன்னா, 3000ஜிக்கு பெரிய கூலர் வாங்குற காசோட இன்னும் கொஞ்சம் சேத்து அதே போர்ட்டுக்கு யூஸ்ட் ஆறு கோர் ரைசன் 5 ஒண்ணு பாருங்க, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போறவங்க யாராவது இருந்தா சொல்லி விடலாம். ரெண்டு கோர ஆறு கோரா மாத்துறதுக்கு எந்த ஓவர்கிளாக்கும் ஈடாகாது. கிராபிக்ஸ் கார்ட் இல்லன்னா மட்டும் பேர் கடைசில ஜி இருக்கிறதா வாங்கணும், இல்லாட்டி ஸ்க்ரீன்ல படமே வராது.

வாங்குறதுக்கு முன்னாடி போர்ட் கம்பனியோட சைட்ல அந்த சிப் லிஸ்ட்ல இருக்கா, எந்த பயோஸ்ல இருந்துன்னு பாருங்க, பழைய சிப் மாட்டி இருக்கிறப்பவே பயோஸ அப்டேட் பண்ணிருங்க. கூலர கழட்டுறதுக்கு முன்னாடி பிசிய ஒரு பத்து நிமிஷம் ஓட விட்டு சூடாக்குங்க. நம்ம குளிருக்கு பழைய பேஸ்ட் பசை மாதிரி இறுகிப் போயிருக்கும், அப்படியே மேல இழுத்தா ஏஎம்4 சிப் (3000ஜி மாதிரி இந்த போர்ட்ல போற வகை) சாக்கெட்டோட பூட்ட மீறி கூலரோட ஒட்டிக்கிட்டு வந்துரும், அடியில 1,331 பின், நாலு வளைஞ்சா நிமித்துறதுக்குள்ள உயிர் போயிரும். சூடா இருக்கிறப்ப ஆஃப் பண்ணி, ப்ளக்க கழட்டி, கூலர இடமும் வலமும் மெதுவா திருகித் திருகி பிடி விட்டதுக்கப்புறம் தூக்குங்க.